பின் வைப்பரும் ஒரு திருத்திய அறிக்கையும்

1

எங்கள் வானின் பின்கண்ணாடியைத் துடைக்கும் வைப்பர் ஒரு வெள்ளிக்கிழமை காலை பத்து மணியளவில் வேலை செய்வதை நிறுத்தியது. பத்தேகாலுக்கு நான் இராசம்மா அக்காவின் நடைவண்டியை ஏற்றி நசுக்கினேன். இடைப்பட்ட பதினைந்து நிமிடங்களைப் பற்றி நான் எழுதிய அறிக்கை இரண்டு பக்கம். அதில் ஒரு வரி தவறு. அந்த ஒரு வரியைப் பற்றித்தான் இதை எழுதுகிறேன்.

ஊரில் இருந்து வாசிப்பவர்களுக்கு முதலில் ரோவிலைச் சொல்ல வேண்டும். மெல்பேர்னின் கிழக்கு ஓரத்தில், ரயில் வராத புறநகர் இது. பஸ் உண்டு. அதற்கு நேர அட்டவணையும் உண்டு. இரண்டும் ஒன்றையொன்று அடிக்கடி சந்திப்பதில்லை. பிள்ளைகள் நாலு அறை வீடு வாங்கி, தாய் தகப்பனை விசா எடுத்து அழைத்து, அவர்களுக்கு ஓர் அறையும் ஒரு ரீவியும் கொடுத்துவிட்டு வேலைக்குப் போகிறார்கள். தாய் தகப்பன் பகல் முழுவதும் யன்னலால் புல்வெளியைப் பார்க்கிறார்கள். ஒரு பைக்கற் பால் வாங்க வேண்டுமென்றாலும் மகனுக்குப் போன் எடுக்க வேண்டும். அவர் கூட்டத்தில் இருப்பார்.

ஆகவே வெள்ளிக்கிழமைகளில் சமூக மண்டபத்தில் மூத்தோர் ஒன்றுகூடுகிறோம். தேநீர், வடை, உடற்பயிற்சி என்று பெயரிடப்பட்ட கை அசைப்பு, பிறகு மூன்று மணிவரை கதை. வாகனம் இல்லாதவர்களை ஏற்றி இறக்குவது நான். எட்டுப் பேர் இருக்கக்கூடிய பழைய வான். பேரப்பிள்ளைகள் சிறிதாக இருந்தபோது வாங்கியது. அவர்களுக்கு இப்போது என்னுடன் வர நேரமில்லை. வான் மட்டும் வளராமல் அப்படியே இருக்கிறது.

நான் புகையிரதச் சைகைப் பிரிவில் வேலை செய்தவன். முதலில் கொழும்பில், பிறகு இங்கே. சைகைக்காரன் ஓட்டுகிற வாகனத்தில் விதிகள் இருக்கும். ஏழு விதிகளைத் தட்டச்சு செய்து, பிளாஸ்டிக் உறையிட்டு, முன் இருக்கையின் முதுகில் ஒட்டியிருந்தேன். நாலாவது விதி: ‘வான் பின்னோக்கிச் செல்லும்போது எவரும் பேசக்கூடாது.’

இதற்குக் காரணம் இருந்தது. ஆரம்ப நாட்களில் நான் பின்னுக்கு எடுக்கும்போது ஐந்து பேர் ஐந்து விதமாக வழி சொன்னார்கள். ஒருவர் ஸ்ரியறிங்கை வெட்டச் சொன்னார், ஒருவர் நிற்கச் சொன்னார், ஒருவர் இதற்கிடையில் தன் மருமகளின் நடத்தை பற்றியும் சொல்லி முடித்தார். நாலாவது விதி வந்த பிறகு வானுக்குள் ஒரு தேவாலய அமைதி. எனக்கு அதில் பெருமைகூட இருந்தது.

2

அன்றைக்கு நல்ல மழை. வழக்கமாக மங்கை, என் மனைவி, முன் இருக்கையில் வருவாள். அன்று வடைக்கு அரைத்ததைக் கொண்டு நேரத்தோடு மண்டபத்துக்குப் போய்விட்டாள். சிவபாதத்தையும் இன்னும் இருவரையும் ஏற்றிக்கொண்டு கடைசியாக இராசம்மா அக்கா வீட்டுக்குப் போனேன். சிவபாதம் வங்கியில் இருந்து ஓய்வு பெற்றவர், என்னைவிட இரண்டு வயது மூப்பு. இராசம்மா அக்காவுக்கு எண்பத்து நாலு. நடைவண்டி இல்லாமல் நடக்க மாட்டார்.

அவர் நனையக்கூடாது என்று வானை வீட்டு வாசல்வரை நேராக உள்ளே விட்டேன். போகும் வழியிலேயே பின் வைப்பர் அரைவாசியில் நின்றுவிட்டது. பின்கண்ணாடி முழுக்கத் தண்ணீரும் சேறும். அக்காவைக் கைபிடித்துப் பக்கக் கதவால் ஏற்றினேன். நடைவண்டியை மடித்துப் பின்னால் வைப்பது சிவபாதத்தின் வேலை. அவர் அதை வானின் பின்பக்கம்வரை தள்ளிக்கொண்டு போனார். மழை வலுத்தது. பின்கதவு பூட்டியிருந்தது. லிங்கம், அதாவது நான், வந்து திறந்து ஏற்றுவான் என்று நினைத்து அங்கேயே விட்டுவிட்டு உள்ளே ஏறிக்கொண்டார். அவர் ஏற்றிவிட்டார் என்று நான் நினைத்தேன்.

பின்னுக்கு எடுத்தேன். சத்தம் கேட்டது என்று சொல்ல மாட்டேன். இருக்கையின் கீழ் ஏதோ நொறுங்குவதை உடம்பில் உணர்ந்தேன்.

இறங்கிப் பார்த்தபோது நடைவண்டி மடிந்து கிடந்தது. ஒரு சக்கரம் மட்டும் மேலே பார்த்தபடி சுற்றிக்கொண்டிருந்தது. இராசம்மா அக்கா யன்னலைத் திறந்து எட்டிப் பார்த்தார்.

“அது இரும்புதானே தம்பி” என்றார். “நான் அதைப் பிடிச்சுக்கொண்டு நிக்கேல்லைத்தானே.”

ஆறுதலுக்குத்தான் சொன்னார். அந்த வசனம் ஒரு கிழமையாக என்னைத் தூங்க விடவில்லை.

3

அன்று பிற்பகலே மூத்தோர் குழுவுக்கு அறிக்கை எழுதிக் கொடுத்தேன். யாரும் கேட்கவில்லை. குழுத் தலைவி “புது வண்டில் ஒண்டு எடுத்துக் குடுத்தாப் போச்சு அங்கிள்” என்றுதான் சொன்னார். ஆனால் விபத்து என்றால் அறிக்கை. இடம், நேரம், வானிலை, பார்வைத் தூரம். பிறகு இந்த வரிகள்: ‘பின் வைப்பர் இயங்கவில்லை. பின்புறத் தடை உணரியின் எச்சரிக்கை ஒலி எழவில்லை.’ எங்கள் வானில் பின்னால் பார்க்கக் கமரா இல்லை. பின்னால் ஏதாவது நெருங்கினால் கீச்சிடும் உணரி மட்டும் உண்டு. அது கீச்சிடவில்லை. கையொப்பமிட்டேன்.

சனிக்கிழமை மகள் ஆரணி வந்தாள். கிளென் வேவர்லியில் இருக்கிறாள். பாடசாலைக்காக வாங்கிய வீடு, மருந்தாளர் வேலை. வந்தவள் செருப்பைக் கழற்றும்போதே தொடங்கினாள்.

“அப்பா, வானைக் குடுப்பம்.”

“ஆருக்கு?”

“ஆருக்காவது. வித்துப்போடுவம். இனி நீங்கள் ட்ரைவ் பண்ண வேண்டாம். நான் கோவத்தில சொல்லேல்லை. ஐ ஆம் வெரி சீரியஸ்.”

“வைப்பர் நிண்டுட்டுது. சென்சர் அடிக்கேல்லை. குறை வாகனத்தில, என்னில இல்லை.”

“ரெண்டும் ஒரே நாளிலயோ?”

என் தொழிலில் நான் அடுத்தவர்களைக் கேட்டு மடக்கிய கேள்வி அது. தொடர்பில்லாத இரண்டு பழுதுகள் ஒரே நேரத்தில் வந்ததாக எவனாவது சொன்னால், பொதுவான காரணம் ஒன்றைத் தேடு என்று திருப்பி அனுப்புவேன். என் மகள் சைகைப் பிரிவில் ஒரு நாளும் வேலை செய்யாதவள். தேநீர் குடிக்க முதலே அதைக் கேட்டுவிட்டாள்.

“இரண்டு கிழமை தா” என்றேன். “பொதுக் காரணத்தைக் கண்டுபிடிச்சுக் காட்டுறன். வாகனத்தில எண்டால் திருத்துவன். இல்லையெண்டால் வான் திறப்பை உன்ரை கையில தாறன்.”

“பிராமிஸ்?”

“எழுதித் தரட்டோ?”

“வேண்டாம் அப்பா, நீங்கள் உண்மையாவே எழுதிப்போடுவீங்கள்” என்றாள்.

4

ஊரில் எந்த வாகனமும் அமைதியாகப் பின்னுக்குப் போனதில்லை. மினிபஸ் என்றால் கொண்டக்டர் பின்னால் குதித்துத் தகட்டில் தட்டியபடி “வரட்டும் வரட்டும் வரட்டும், போதும்” என்பான். லொறி என்றால் ஒழுங்கைச் சனம் முழுவதும் பொறுப்பேற்கும். சைக்கிளில் போகிறவர் காலை ஊன்றி நின்று கை காட்டுவார். தேநீர்க் கடைக்காரர் உள்ளே இருந்தபடியே “வலது வெட்டு” என்பார். சாரதி ஒருவரையும் கேட்கமாட்டான், எல்லாரையும் நம்புவான். போரால் பெற்றோல் கிடைக்காத காலத்தில் எங்கள் கார்கள் மண்ணெண்ணெயில் ஓடின. ஸ்ரார்ட் பண்ணப் போத்தலில் இருந்து நாலு துளி பெற்றோல் ஊற்றுவோம். அந்தப் புகைக்குள் பின்கண்ணாடியால் ஒன்றுமே தெரியாது. எங்கள் குடும்பக் காருக்குப் பின் வைப்பர் என்ற பொருளே இல்லை. ஆனாலும் யாரையும் இடித்ததாக நினைவில்லை.

இங்கே வந்தபின் முதலில் பிடித்துப்போனது அமைதிதான். கட்டளைகள் எல்லாம் எழுத்தில். வரிசையில் நில், இலக்கம் எடு, படிவத்தை நிரப்பு. என்னைப் போன்ற ஒருவனுக்கு அது சொர்க்கம். புதிதாக வந்தவர்களுக்கு எத்தனை படிவம் நிரப்பிக் கொடுத்திருப்பேன். அரசாங்க அலுவலகத்தில் ஓர் அதிகாரி தானே தன் படிவத்தின் ஒரு பகுதிக்கு என்னிடம் விளக்கம் கேட்டதும் உண்டு. நான் அதை எல்லாரிடமும் சொல்லியிருக்கிறேன் என்று மங்கை சொல்கிறாள். இப்போது உங்களிடமும்.

5

திங்கட்கிழமை காலை கராஜில் வேலை தொடங்கியது. நான் பழைய வழக்கப்படி ஒரு கொப்பியில் மூன்று நிரல் கீறினேன்: கண்டது, கேட்டது, செய்தது. முதல் இரண்டையும் நிரப்பாமல் மூன்றாவதைத் தொடக்கூடாது.

எங்கள் வானில் பின்கதவு திறந்திருந்தால் பின் வைப்பர் இயங்காது. அது பழுதல்ல, தயாரித்தவர்களின் ஏற்பாடு. எனவே கதவைப் பூட்டி, சாவியைத் திருப்பி, வைப்பர் குமிழை முடுக்கிவிட்டு, இறங்கிப் பின்பக்கம் போய் நின்றேன். கண்டது: வைப்பர் அசையவில்லை. கேட்டது: ஒன்றுமில்லை.

இந்த ‘ஒன்றுமில்லை’ முக்கியமானது. மோட்டார் ஓடி, வைப்பர் மட்டும் அசையாவிட்டால் ஒரு இரைச்சல் கேட்கும். அப்போது குறை இயந்திரப் பகுதியில். இரைச்சலே இல்லை என்றால் மின்சாரம் போய்ச் சேரவில்லை, அல்லது மோட்டார் செத்துவிட்டது. ஆகவே மின்குறை. பாடப்புத்தகம் போன்ற முடிவு.

பியூஸ் சரி. குமிழும் சரி, ஏனெனில் அதே குமிழை இன்னும் ஒரு படி திருப்பினால் பின்கண்ணாடிக்குத் தண்ணீர் அடிக்கிறது. அடுத்தது பின்கதவுப் பிணைச்சல். அங்கே ஒரு ரப்பர் குழாய்க்குள் வயர்கள் போகின்றன. கதவைத் திறக்கும் ஒவ்வொரு முறையும் அவை மடிகின்றன, காலப்போக்கில் அறுகின்றன. பழைய வான் வைத்திருக்கும் எவருக்கும் இந்த இடத்தைச் சந்தேகிக்கச் சொல்வேன். குழாயை இழுத்துப் பார்த்தேன். ஒரு வயரின் தோல் வெடித்து, செம்பு பச்சை பிடித்திருந்தது. எனக்கு வந்த சந்தோஷத்தை மறைக்க விரும்பவில்லை.

இரண்டு பிற்பகல்கள் மல்லாந்து கிடந்து ஈயம் உருக்கி ஒட்டி, உறை போட்டேன். கழுத்து பிடித்துக்கொண்டது. பூட்டி முடுக்கினேன். கண்டது: அசையவில்லை. கேட்டது: ஒன்றுமில்லை.

இதற்கிடையில் பேத்தி சஹானாவுக்குச் செய்தி போய்விட்டது. அவளுக்குப் பதினைந்து வயது. என்னோடு பேசும் தமிழ் ‘ஹாய் அம்மப்பா’ என்பதோடு முடிந்துவிடும். ஒரு வீடியோ அனுப்பியிருந்தாள். கீழே ஆங்கிலத்தில், ‘முதல் நிமிடத்திலேயே இருக்கிறது’ என்று ஒரு வரி. பார்த்தேன். அரைக் காற்சட்டை போட்ட ஒருவர், வந்ததும் வராததுமாக, வைப்பர் தண்டின் அடியில் உள்ள சிறு மூடியைக் கிளப்பி உள்ளே இருந்த நட்டைப் பிடித்தார். கவனிக்கவும் இல்லை, காது கொடுக்கவும் இல்லை, நேரே ஸ்பனர். முப்பதாவது விநாடியில் நிறுத்திவிட்டு, ‘நன்றி’ என்று தமிழில் அனுப்பினேன்.

வியாழக்கிழமை டண்டெனோங் பக்கம் பழைய வாகனங்களைப் பிரித்து விற்கும் இடத்துக்குப் போனேன். கவுண்டரில் இருந்தவர் மோட்டாரை எடுத்து வைக்குமுன் ஒரே ஒரு கேள்வி கேட்டார்: பழையது ஓடுகிற சத்தம் கேட்கிறதா?

“இல்லை” என்றேன்.

“உறுதியாக?”

கொப்பியைத் திறந்து காட்டினேன். நாலு நாள், நாலு தடவை, ஒன்றுமில்லை. அவர் மோட்டாரை எடுத்து வைத்தார்.

6

வெள்ளி வந்தது. வேறொருவர் இரண்டு சுற்று ஓடி எங்களை மண்டபத்துக்கு ஏற்றிப் போனார். பயணி இருக்கையில் நான் எப்படி இருந்தேன் என்பதை எழுத மாட்டேன்.

மோட்டாரைக் கழற்றச் சனிக்கிழமை காலை உட்கார்ந்தேன். கழற்றும் முன் கடைசியாக ஒரு தடவை பழுதை உறுதி செய்ய வேண்டும். அதுவும் விதி. சாரதி இருக்கையில் இருந்து குமிழை முடுக்கினேன். மங்கை தேநீரோடு வந்து வானின் பின்பக்கம் நின்றாள்.

“என்னப்பா, இது திருந்திட்டுதோ?” என்றாள்.

“வைப்பர் ஆடுதே?”

“ஆடேல்லை. ஆனா இரையுது.”

“எது?”

“இதுதான். கதவுக்குள்ள. ங்ஙீ எண்டு.”

இறங்கி வந்தேன். காது கொடுத்தேன். ஒன்றுமில்லை.

“இல்லையே.”

“என்ன இல்லை? சில்வண்டு மாதிரி இரையுது. இஞ்சை பாருங்கோ.” தேநீர்க் கோப்பையை நிலத்தில் வைத்துவிட்டு என் கையைப் பிடித்து, உள்ளங்கையைப் பின்கதவில் வைத்து அழுத்தினாள்.

தகடு அதிர்ந்துகொண்டிருந்தது. ஒரு சீரான, ஆரோக்கியமான அதிர்வு. மோட்டார் ஓடிக்கொண்டிருந்தது. அது ஒரு நாளும் நிற்கவில்லை.

கொஞ்ச நேரம் கையை எடுக்காமல் நின்றேன். மங்கை என் முகத்தைப் பார்த்தாள், பிறகு தேநீரை எடுத்துத் தந்தாள்.

“நான் நினைச்சன்” என்றாள், “ரீவிச் சத்தத்தை இப்பிடிக் கூட்டிறது செய்தியில உங்களுக்குள்ள கோவம் எண்டு.”

வைப்பர் தண்டின் அடியில் இருந்த மூடியைக் கிளப்பினேன். நட் இளகி, தண்டு பிடியில்லாமல் இருந்தது. அழுக்கைத் துடைத்து, தண்டை இடத்தில் வைத்து, நட்டை இறுக்கினேன். முக்கால் நிமிட வேலை. குமிழை முடுக்கியதும் வைப்பர் ஒன்றும் நடக்காதது போல இடமும் வலமும் போய் வந்தது. கண்ணாடி துலங்கியது.

அப்போதுதான் மற்றப் பழுது நினைவுக்கு வந்தது. பொதுக் காரணம்.

ஒரு பிளாஸ்டிக் கதிரையை எடுத்து வானின் பின்னால் வைத்தேன். மங்கையைப் பக்கத்தில் இருத்தி, என்ஜினை ஸ்ரார்ட் பண்ணி, மெதுவாகப் பின்னுக்கு எடுத்தேன்.

“அடிக்குதோ?” என்று கேட்டேன்.

“ஓம். கீ… கீ… எண்டு. இப்ப கெதியா அடிக்குது. நிப்பாட்டுங்கோ. கீ எண்டு ஒரேயடியா இழுக்குது. நிப்பாட்டுங்கோவன்.”

நிறுத்தினேன். என்னைப் பொறுத்தவரை வானுக்குள் என்ஜின் சத்தமும் மங்கையின் குரலும் மட்டும்தான் இருந்தன.

7

சிவபாதத்துக்குப் போன் எடுத்தேன். சுற்றி வளைக்கவில்லை.

“அண்டைக்கு நான் இராசம்மா அக்கா வீட்டில றிவேர்ஸ் எடுக்கேக்க பின்னுக்குக் கீச்சிட்டதோ?”

மறுமுனையில் ஒரு செருமல். “ஏன் கேக்கிறீர்?”

“கேட்டதோ இல்லையோ?”

“கேட்டதுதான்.”

“உமக்கோ, எல்லாருக்குமோ?”

“அக்காவுக்கும் கேட்டதாம். எனக்குத் தொடையில கிள்ளினவ.”

“பிறகேன் ஐயா வாய் திறக்கேல்லை?”

“நல்ல கேள்வி. உம்முடைய சட்டம் என்ரை மூக்குக்கு நேர ஒட்டியிருக்கு. நாலாவது. போன வருஷம் நான் ‘கவனம்’ எண்டு ஒரு சொல்லுச் சொன்னதுக்கு வானை நிப்பாட்டிப்போட்டுப் பத்து நிமிஷம் வகுப்பெடுத்தனீர்.”

“இது வேற விஷயம்.”

“எங்களுக்கென்ன தெரியும்? உமக்கும் கேக்குது, நீர் ஏதோ கணக்குப் பண்ணி எடுக்கிறீர் எண்டு நினைச்சம். மற்றது, லிங்கம்…” அவர் குரலைத் தாழ்த்தினார். நான் போனை மற்றக் காதுக்கு மாற்றினேன். “நாங்கள் ஓசியில வாறனாங்கள். ஏத்திக்கொண்டு போற மனிசனுக்குப் பிழை பிடிக்கிறது வடிவில்லை.”

வங்கியில் பிறர் கையொப்பத்தில் ஒரு புள்ளி பிசகினாலும் திருப்பி அனுப்பிய மனிதர் இவர். இராசம்மா அக்கா ஒரு பாடசாலையையே கட்டி மேய்த்த அதிபர். இவர்கள் இருவரும் எச்சரிக்கை ஒலியைக் கேட்டுக்கொண்டு, ஒருவர் தொடையை ஒருவர் கிள்ளியபடி, மரியாதைக்காகச் சும்மா இருந்திருக்கிறார்கள். வெளிநாட்டில் மற்ற இனத்தவர் செய்யக்கூடிய தவறு இல்லை இது. வேறு யாராக இருந்தாலும் என் தலையில் குட்டியிருப்பார்கள்.

8

திருத்திய அறிக்கையை அன்றே எழுதினேன். முதல் அறிக்கையில் இத்தனையாவது பக்கத்தில் இத்தனையாவது வரி பிழையானது. உணரி இயங்கியது, எச்சரிக்கை ஒலி எழுந்தது, சாரதிக்குக் கேட்கவில்லை. பயணிகளுக்குக் கேட்டது. சாரதி விதித்த விதி அவர்களைத் தடுத்தது. வைப்பர் பழுது, நட் இளகியது. ஆனால் கண்ணாடி தெரியாதபோது இறங்கிப் பார்க்காதது சாரதியின் குற்றம். கையொப்பம்.

அதன் ஒரு பிரதியோடு கிளென் வேவர்லிக்குப் போனேன். வானில் அல்ல, மங்கை சின்னக் காரை ஓட்டினாள். ஆரணி குசினியில் நின்றாள். வான் திறப்பை மேசையில் வைத்து, தாளை அதன் கீழே வைத்தேன்.

ஆரணி சண்டைக்கு ஆயத்தமாக இருந்தாள் என்று நினைக்கிறேன். தாளை இரண்டு தரம் வாசித்தாள். எழுத்துக் கூட்டித்தான் வாசிப்பாள், தமிழ்ப் பாடசாலைக்குச் சனிக்கிழமைகளில் அழுதுகொண்டு போனவள்.

“இதை ஆருக்குக் குடுத்தனீங்கள்?”

“குழுவுக்கு. டொக்டருக்கும் ஒண்டு எடுத்துவைச்சிருக்கிறன்.”

“அப்பா, நீங்கள் இதைச் சொல்லாமலே விட்டிருக்கலாம். வைப்பர் வேலை செய்யுது எண்டு காட்டியிருந்தா நான் நம்பியிருப்பன்.”

“ஓம்.”

“அப்ப ஏன்?”

“அக்கா அதைப் பிடிச்சுக்கொண்டு நிண்டிருந்தா?” என்றேன்.

அவள் திறப்பை எடுத்து இழுப்பறைக்குள் போட்டாள். “முதல் காதைப் பாப்பம். பிறகு மிச்சம்.”

அடுத்த கிழமைகளைச் சுருக்கமாகச் சொல்கிறேன். டொக்டர் கண், கழுத்து, முழங்கால், ஞாபகம் எல்லாவற்றையும் பார்த்தார். ஞாபகச் சோதனையில் அவர் ஒரு கேள்வியை விட்டுவிட்டார், நான் நினைவுபடுத்தினேன். எனக்குக் காது கேட்பது குறைந்தது தனிப்பட்ட வாகனம் ஓட்டத் தடையாகாது என்றும், காதுக் கருவி போட்டுக்கொண்டு ஓட்டும்படியும் எழுதித் தந்தார். காது சோதிக்கும் சின்ன அறையில், சத்தம் கேட்கும்போதெல்லாம் பொத்தானை அழுத்தச் சொன்னார்கள். நீண்ட நேரம் அழுத்தவே இல்லை. இடைவேளை என்று நினைத்தேன். வெளியே வந்து வரைபடத்தைப் பார்த்தால், கோடு நேரே வந்து ஓரிடத்தில் மலை உச்சியில் இருந்து விழுந்தமாதிரி விழுந்திருந்தது. குருவியும், உணரியும், சின்னப் பிள்ளைகளின் குரலும் அந்தப் பள்ளத்துக்குள் இருந்தன. சஹானா என்னோடு அதிகம் பேசுவதில்லை என்று நான் சொல்லிக்கொண்டிருந்ததில் எவ்வளவு என் காதுடைய குறை என்று அன்று யோசித்தேன். முழுவதும் அல்ல. கொஞ்சம்.

கருவிகளைப் போட்ட முதல் நாள் குசினியில் மங்கை பொலித்தீன் பையை மடித்தது எனக்கு இடி முழக்கம் போல் கேட்டது.

9

“ஒரு வெள்ளி நானும் வாறன். பின்னால இருந்து பாக்கிறன். பிறகுதான் முடிவு” என்றாள் ஆரணி. வேலைக்கு லீவு போட்டு வந்தாள். வானின் திறப்பை என் கையில் தந்தபோது மற்ற முனையை ஒரு விநாடி விடாமல் வைத்திருந்தாள்.

சோதனைக்கு உகந்த நாள். மழை. ஏழு விதிகள் இருந்த தாளை நான் ஏற்கெனவே கழற்றிவிட்டேன். பதிலுக்கு ஒன்றும் ஒட்டவில்லை. ஏறும்போதே சொன்னேன்: “பின்னுக்கு எடுக்கேக்க என்ன கண்டாலும் என்ன கேட்டாலும் சொல்லுங்கோ.” சிவபாதம் இந்த அனுமதிக்காக ஆறு வருடம் காத்திருந்தவர். சொந்த வாசலிலேயே தொடங்கிவிட்டார்.

இராசம்மா அக்கா வீட்டில் அவரை ஏற்றி, புது நடைவண்டியை நானே மடித்து, நானே பின்னால் வைத்து, நானே கதவைப் பூட்டினேன். வானைச் சுற்றி ஒரு தரம் நடந்தேன். பிறகு றிவேர்ஸ் கியர். பின் வைப்பர் போய் வந்தது.

“வரட்டும்” என்றார் சிவபாதம். “வரட்டும், வரட்டும்.”

“பூச்சாடி இருக்கு ராசா, இடது பக்கம்” என்றார் அக்கா.

எனக்கும் கேட்டது. கீ. ஒரு இடைவெளி. கீ. மெல்லிய, எரிச்சலூட்டும், அற்புதமான சத்தம். நிறுத்தி, இறங்கிப் பார்த்தேன். பூச்சாடிக்கும் வானுக்கும் நடுவே நான் சம்மணம் கொட்டி இருக்கலாம். ஏறி, வெட்டி எடுத்து, றோட்டுக்கு வந்தேன்.

வெலிங்ரன் றோட்டில் வழக்கமான நெரிசல். முன்னால் என் பக்கத்தில் சிவபாதம், நடுவில் அக்காவும் மற்ற இருவரும், கடைசி வரிசையில் மங்கையும் ஆரணியும். வான் முழுக்கக் கதை. யாருடைய மகன் பரமட்டாவுக்கு வேலை மாறிப் போகிறான், யார் வீட்டில் பைப் வெடித்தது. அதற்கு அடியில், மழைக்கும் வைப்பருக்கும் இடையில், மூன்றாவது வரிசையில் என் மகள் தாயின் காதுக்குள் சொல்லிக்கொண்டிருந்தாள்.

“நல்லாத்தான் ஓடுறார் அம்மா. இப்ப விடுவம். ஆனா அடுத்த வருஷம் நான் வானை எடுத்துப்போடுவன். இப்ப அவருக்குச் சொல்லாதேங்கோ. பிறகு அதுக்கொரு ஃபைல் திறந்திடுவார்.”

“ஒரு வருஷம் அவருக்குப் போதும்” என்றாள் மங்கை. “எனக்கும்.”

சிவப்பு விளக்கில் நின்றோம். கண்ணாடியில் பின்னால் பார்த்தேன். ஆரணி தன் கன்னத்தைத் தாயின் தோளில் வைத்திருந்தாள், சின்ன வயதில் பஸ்ஸில் வருவது போல. நான் பார்ப்பதைக் கண்டதும் நிமிர்ந்தாள்.

“அப்பா” என்றாள் சத்தமாக. “நாங்கள் இஞ்ச பின்னுக்குக் கதைக்கிறது உங்களுக்குக் கேக்குதோ?”

“இல்லைப் பிள்ளை” என்றேன். “மழைச் சத்தம்.”

பச்சை விழுந்தது. பிரேக்கில் இருந்து காலை எடுத்தேன்.